யோகெப்: விட்டுவைக்கப்பட்டவர்களின் சொல்



அயோத்திதாசப் பண்டிதரின் நினைவாக நடுவட்டத்தில் கூடியிருக்கிறோம். இந்த மலை அவருக்கு அந்நியமான இடமல்ல. அவருடைய பாட்டனார் கந்தப்பன் ஹாரிங்டன் என்ற ஆங்கிலேயரிடம் வேலை பார்த்தவர். பண்டிதரின் இளமைக்காலம் நீலகிரியில் கழிந்தது. 1891 டிசம்பர் 1ஆம் நாள் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டிப் பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றியதும் நீலகிரியில்தான். பிறகு 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கி, 1914இல் மறையும்வரை அவர் செய்த பெரிய வேலை ஒன்று உண்டு. நம்மை இழிவுபடுத்திய ஒவ்வொரு சொல்லையும் பிடித்து நிறுத்தி, ‘உன் பொருள் என்ன, அந்தப் பொருளை உனக்குக் கொடுத்தவன் யார்?’ என்று விசாரித்தார். அவர் சொன்ன சொல்விளக்கங்கள் எல்லாவற்றையும் இன்றைய மொழியியல் ஏற்காது. ஆனால் சொல்லை விசாரிக்கும் உரிமை நமக்கு உண்டு என்று நிலைநாட்டியவர் அவர்.

அந்த உரிமையோடு இன்று ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறோம். எபிரேயச் சொல். பௌத்தம் தழுவிய பண்டிதரின் நினைவுக் கூட்டத்தில் யூத வேதத்துச் சொல் எதற்கு என்று கேட்கலாம். இந்த மலையில் நம் மக்களில் பாதிப்பேர் கையில் அந்த நூல் இருக்கிறது, மீதிப்பேர் வாழ்க்கையில் அந்தச் சொல் இருக்கிறது. அதுதான் காரணம்.

எபிரேய வேதத்தில் தமிழ்ச் சொல் இருப்பதாக நம் மேடைகளில் பெருமையாகச் சொல்வது வழக்கம். சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த பொன், வெள்ளி, யானைத்தந்தம், குரங்குகளோடு ‘துக்கீம்’ என்றொரு பொருளும் வருகிறது. அது மயில் என்றும், தமிழ்த் ‘தோகை’யே அங்கு போய்ச் சேர்ந்தது என்றும் அறிஞர்கள் எழுதினார்கள். கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலிலும் இது உண்டு. இருக்கட்டும். அரண்மனை முற்றத்தில் ஆடிய மயிலுக்குப் பொருள் தேட எத்தனையோ பேர் வந்தார்கள். அதே நூலில், அந்த அரண்மனை எரிந்து சாம்பலான நாளில், கடைசியாக வரும் ஒரு சொல்லுக்குப் பொருள் தேட அவ்வளவு பேர் வரவில்லை. அது உழைப்பவனின் சொல்.

1. மூன்றே இடங்கள்

சொல்லின் வேர் யோத், கிமெல், பேத் என்ற மூன்று எழுத்துகள். ‘யோகெப்’ என்று ஒலிக்கலாம். பன்மை ‘யோகெபீம்’. எபிரேய வேதாகமம் முழுவதிலும் இந்த வேர் மூன்றே இடங்களில் வருகிறது: இரண்டாம் இராஜாக்கள் 25:12, எரேமியா 52:16, எரேமியா 39:10. மூன்றும் ஒரே நிகழ்ச்சியைச் சொல்கின்றன.

கி.மு. 586 (587 என்று கணக்கிடுவோரும் உண்டு). பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமைப் பிடித்தது. கோயில் எரிந்தது. அரசனையும் அதிகாரிகளையும் கைவினைஞரையும் முன்பின்னாகச் சிறைபிடித்துக்கொண்டு போனார்கள். போகும்போது படைத்தலைவன் நேபுசராதான் ஒரு கூட்டத்தை மட்டும் விட்டுவிட்டுப் போனான். அவர்கள் ‘தல்லத் ஹா-ஆரெத்ஸ்’, தேசத்தின் கடைநிலை ஏழைகள். அவர்களைத் திராட்சைத் தோட்டத்தாராகவும் ‘யோகெபீ’மாகவும் விட்டுவைத்தான் என்கிறது நூல்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘தல்’ என்ற எபிரேயச் சொல்லுக்கு எளியவன், மெலிந்தவன் என்று பொருள். நம் ‘தலித்’ என்ற சொல்லும் அதுவும் ஒன்றே என்று மகிழ்ந்து பேசுவோர் உண்டு. ‘தலித்’ சமஸ்கிருத வேரிலிருந்து மராத்தி வழியாக வந்தது. பிளக்கப்பட்டது, நொறுக்கப்பட்டது என்பது அதன் பொருள். எபிரேயம் வேறு மொழிக் குடும்பம். ஒலி ஒத்துப்போவதால் வேர் ஒன்றாகிவிடாது. நம் உறவை நிறுவ நமக்கு ஒலி ஒற்றுமை தேவையில்லை, நிலைமையின் ஒற்றுமை போதும். எபிரேயத்தில் ‘தல்லா’ என்பதற்கு வேறு பயன்பாடும் உண்டு. தறியில் நெய்து முடித்தபின் தொங்கும் நூல் முனைகளையும் அது குறிக்கும். துணியை அறுத்துக்கொண்டு போனபின் தறியிலேயே மிஞ்சும் நூல். விட்டுவைக்கப்பட்டவர்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை.

2. பொருள் தெரியாமல் போன கதை

யோகெபீம் என்றால் யார்? பழைய மொழிபெயர்ப்பாளர்களே திணறினார்கள். இராஜாக்கள் நூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் அந்தச் சொல்லை மொழிபெயர்க்கவே இல்லை. எபிரேய ஒலியை அப்படியே கிரேக்க எழுத்தில் ‘காபின்’ என்று எழுதிவிட்டு நகர்ந்தார்கள். எரேமியாவின் கடைசி அதிகாரத்தைப் பெயர்த்தவர்கள் ‘உழவர்’ என்றார்கள். எரேமியா 39இல் நமக்கு வேண்டிய வசனம் இருக்கும் பகுதி பழைய கிரேக்கப் பெயர்ப்பில் இல்லவே இல்லை.

ஜெரோம் லத்தீனில் பெயர்த்தபோது மற்ற இடங்களில் ‘உழவர்’ என்று எழுதியவர், எரேமியா 39இல் ‘தொட்டிகள்’ என்று எழுதினார், மழைநீர் சேமிக்கும் தொட்டிகள். எபிரேயத்தில் குழியைக் குறிக்கும் ‘கெப்’ என்ற சொல்லோடு இதைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார். பாபிலோனியத் தல்மூதில், சப்பாத் என்ற பகுதியில், முற்றிலும் வேறான விளக்கம் இருக்கிறது. அங்கே திராட்சைத் தோட்டத்தார் என்போர் எங்கேதி முதல் ராமா வரை நறுமணப் பிசின் சேகரித்தவர்கள். யோகெபீம் என்போர் தீரு நாட்டு எல்லையிலிருந்து ஹைபா வரை கடற்கரையில் சாயச் சிப்பி பிடித்தவர்கள்.

உழவர், தொட்டி, சிப்பி பிடிப்பவர். ஒரே சொல்லுக்கு இத்தனை விளக்கம். ஏன் இந்தக் குழப்பம்? ஆசாரியரின் உடையில் மணி எங்கே தொங்கவேண்டும், பலிபீடம் எத்தனை முழம் என்பதெல்லாம் விவரமாக எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. எழுதியவர்களுக்கு அது தெரிந்த உலகம். வயலில் நின்றவன் எந்த ஏற்பாட்டில் நின்றான், கூலிக்கா, வாரத்துக்கா, வெட்டிக்கா என்பது அவர்களுக்கு எழுதவேண்டிய செய்தியாகப் படவில்லை. சொல்லைப் பேசியவர்கள் எழுதவில்லை, எழுதியவர்கள் அந்த வேலையைச் செய்யவில்லை. ஒரு சொல் இப்படித்தான் அரிய சொல்லாகிறது. நம் சேரிகளின் எத்தனை தொழிற்சொற்கள் எந்த அகராதியிலும் ஏறாமல் செத்தன என்று எண்ணிப்பாருங்கள்.

தல்மூது விளக்கம் சொல்லாராய்ச்சியாக நிற்குமா என்பது வேறு. ஆனால் அதில் ஓர் அனுபவ உண்மை இருக்கிறது. வென்றவன் ஏழையை விட்டுவைப்பது இரக்கத்தால் அல்ல. நறுமணப் பிசினும் ஊதாச் சாயமும் அரண்மனைக்கு வேண்டிய சரக்கு. சரக்கு வரவேண்டுமானால் கை வேண்டும். கையை மட்டும் விட்டுவைத்தான்.

3. விட்டான், கொடுத்தான்

இப்போது இந்தச் சொல்லில் நம் கவலை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். மூன்று இடங்களில் இரண்டில், இந்த வேர் ஆளைக் குறிக்கிறது: அவர்களை யோகெபீமாக விட்டான். மூன்றாவது இடமான எரேமியா 39:10இல் அதே வேர் பொருளைக் குறிக்கிறது. ஒன்றுமே இல்லாத ஏழைகளை விட்டுவைத்து, அவர்களுக்குத் திராட்சைத் தோட்டங்களையும் ‘யெகெபீ’மையும் அந்த நாளில் கொடுத்தான். வயல்களைக் கொடுத்தான் என்று பெரும்பாலோர் பெயர்க்கிறார்கள்.

ஒரே சம்பவம். ஓரிடத்தில் ஏழை வயலுக்கு ஆள். இன்னோரிடத்தில் வயல் ஏழைக்குச் சொத்து. எது நடந்தது? நிலத்தில் வேலை கொடுத்தானா, நிலத்தையே கொடுத்தானா?

தொல்லியல் கொஞ்சம் உதவுகிறது. கோயில் எரிந்தபின் நிர்வாகம் மிஸ்பாவுக்கு மாறியது. கெதலியா என்பவனைப் பாபிலோன் ஆளுநராக வைத்தது. அந்த வட்டாரத்தில் ‘மோசா’ என்ற ஊர்ப்பெயர் முத்திரையிட்ட சாடிக் கைப்பிடிகள் கிடைத்துள்ளன, பெரும்பான்மை மிஸ்பாவில். இவற்றை வைத்துச் சில ஆய்வாளர்கள், யோகெபீம் சுதந்திர உழவர்கள் அல்ல, அரசுத் தோட்டத்தில் கட்டாயப் பணி செய்தவர்கள் என்று வாதிடுகிறார்கள். முத்திரை சாடியில் இருக்கிறது, சாடியை நிரப்பியவன் பெயர் அதில் இல்லை. எரேமியா 40 வேறு காட்சியைக் காட்டுகிறது. விட்டுவைக்கப்பட்டவர்களும் சிதறிப்போய்த் திரும்பியவர்களும் சேர்ந்து திராட்சை ரசமும் பழமும் மிகுதியாகச் சேர்த்தார்களாம். தடுக்கும் மேலோர் இல்லாத ஓராண்டு, ஒரு நல்ல அறுவடை.

நாம் ஒரு சோதனை வைப்போம். அதே எரேமியா நூலின் 32ஆம் அதிகாரத்தில் நிலக்கிரயம் ஒன்று வருகிறது. எரேமியா தன் தந்தையின் உடன்பிறந்தவர் மகனிடமிருந்து ஆனதோத்தில் ஒரு வயலை வாங்குகிறார். விலை பதினேழு சேக்கல் வெள்ளி. தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள். முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். குடும்பச் சொத்து உள்ளவனுக்கு விலை, எடை, சாட்சி, பத்திரம், பானை எல்லாம் இருக்கின்றன. ஏழு அதிகாரம் தள்ளி ஏழைக்கு நிலம் வருகிறது. அங்கே ‘கொடுத்தான்’ என்ற வினைச்சொல் ஒன்றும் ‘அந்த நாளில்’ என்ற குறிப்பும் மட்டுமே இருக்கின்றன. பத்திரம் இல்லை, சாட்சி இல்லை, பானை இல்லை. அந்த நாளில் கொடுத்தது அடுத்த நாளில் யாருடையது?

4. இரத்தத்தோடு உண்கிறவர்கள்

அடுத்த நாளில் என்ன ஆனது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. அரச வம்சத்தைச் சேர்ந்த இஸ்மவேல் ஆட்களோடு வந்து கெதலியாவைக் கொன்றான். மிஸ்பாவில் உருவான ஏற்பாடு குலைந்தது.

எசேக்கியேல் 33இல் விட்டுவைக்கப்பட்டவர்களின் குரல் ஒருமுறை நமக்குக் கேட்கிறது, அதுவும் அவர்களை மறுப்பவர் வாயாக. ஆபிரகாம் ஒருவனாக இருந்தே நிலத்தைப் பெற்றான், நாங்களோ பலர், நிலம் எங்களுக்கு உரிமையாகக் கொடுக்கப்பட்டது என்கிறார்கள். நியாயமான வாதம். பாபிலோனில் இருந்த தீர்க்கதரிசி என்ன பதில் சொல்கிறார்? நீங்கள் இரத்தத்தோடு உண்கிறீர்கள், விக்கிரகங்களை நோக்குகிறீர்கள், இரத்தம் சிந்துகிறீர்கள், உங்களுக்கா நிலம் என்கிறார். பட்டியலில் கொலையும் உண்டு, பிறன்மனையும் உண்டு. ஆனால் முதலில் வருவது சாப்பாடு. நிலத்துக்கான மனுவுக்குத் தட்டில் இருக்கும் இறைச்சியைக் காட்டிப் பதில் சொல்வது நமக்குப் புதிதல்ல.

பிறகு நாடுகடத்தப்பட்டவர்களின் வாரிசுகள் திரும்பினார்கள். அவர்கள் எழுதிய வரலாற்றில் நாடு எழுபது ஆண்டு ஆளில்லாமல் பாழாகக் கிடந்து ஓய்வெடுத்தது. அங்கே உழுதுகொண்டிருந்தவர்கள் கணக்கில் இல்லை. அறிஞர் பார்ஸ்டாட் 1996இல் வெளியிட்ட நூலில் இதை ‘வெற்று நிலம் என்னும் புனைவு’ என்றே அழைத்தார். ‘தேசத்து ஜனம்’ என்ற சொற்றொடர் எஸ்றா நூலில் எதிரியைக் குறிக்கிறது. ரபிகளின் காலத்தில் அதுவே தூய்மைவிதி அறியாத பாமரனைக் குறிக்கும் ஏளனச் சொல்லாகியது.

இதைச் சொல்லி ஒரு மதத்தாரைப் பழிப்பது நம் நோக்கமல்ல. ஏழைகளின் வாதத்தை மறுக்கவாவது பதிவுசெய்து, ஐம்பதாம் ஆண்டில் நிலம் திரும்பவேண்டும் என்ற சட்டத்தையும் வைத்திருக்கும் நூல் அது. நம் ஊர்ப் புராணங்களில் நமக்கு அந்த அளவு இடமும் இல்லை.

5. நடுவட்டத்து யோகெபீம்

இனி இந்த மலைக்கு வருவோம். 1860களில் அரசு இங்கே சிங்கோனா பயிரிட்டது. கிளெமெண்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த செடிகளை மக்ஐவர் நீலகிரியில் வளர்த்தார். மலேரியாக் காய்ச்சலுக்குக் கொய்னா வேண்டும், சாம்ராஜ்யத்தின் படைக்கும் அதிகாரிகளுக்கும் வேண்டும். தோட்டத்தில் உழைக்கச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். ஊரில் அவர்களை அபினிப் போரின் கைதிகள் என்பார்கள். பினாங்கு, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து அனுப்பப்பட்ட தண்டனைக் கைதிகள் என்கின்றன பதிவுகள். அவர்களை அடைத்த சிறைக் கட்டடம் இன்றும் இங்கே நிற்கிறது.

எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளில், நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடைப்பட்ட சரிவில் வாழ்ந்த ஒரு சிறு குடியிருப்பைக் குறிப்பிடுகிறார். விடுபட்ட சீனர்களும் அவர்களை மணந்த தமிழ்ப் பறையர் பெண்களும் அவர்கள் பிள்ளைகளும். காய்கறியும் காப்பியும் பயிரிட்டுப் பிழைத்தார்கள். தர்ஸ்டன் அவர்கள் மூக்கையும் மண்டையையும் அளந்தார். அவர்கள் உழுத நிலத்தை அளந்து பெயரில் எழுதிக்கொடுக்க யாராவது வந்தார்களா என்று அவர் பக்கங்களில் தேடினால் கிடைக்காது. அந்தப் பெண்கள் நம் பாட்டிமார். அவர்கள் யோகெபீம்.

பிறகு தேயிலை. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்குபோட்டார்கள். பிரிக்கப்பட்டவர்களைக் கேட்கவில்லை. தாயகம் திரும்பியோர் என்று அரசு பெயர் வைத்தது, சிலோன்காரர் என்று ஊர் பெயர் வைத்தது. அவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் வனத்துறைத் திட்டமாகத் தொடங்கி, 1976 முதல் கழகமாக நடப்பதுதான் டேன்டீ.

வேலை கொடுத்தது உண்மை. அந்த வேலை இல்லையென்றால் இங்கே பல குடும்பங்கள் பிழைத்திருக்காது, அதை மறுக்கவில்லை. ஆனால் யோகெப் என்ற சொல்லின் கேள்வியைக் கேட்டுப்பாருங்கள். நிலம் வனத்துறையுடையது. கழகம் குத்தகைதாரர். தொழிலாளி? செக்ரோலில் ஒரு பெயர். கவ்வாத்து வெட்டியவர், கொழுந்து பறித்தவர், ஓய்வு பெற்றால் லைன் வீட்டையும் விடவேண்டியவர். 2022இல் டேன்டீயின் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறைக்குத் திருப்பித்தர அரசாணை வந்தபோது, நிலம் ஒரு துறையிடமிருந்து இன்னொரு துறைக்குப் போனது. அதைக் காட்டிலிருந்து தோட்டமாக்கியவர்களைக் குறிக்க அந்தக் கணக்கில் ஒரு சொல் இல்லை. விட்டான் என்பது உண்டு. கொடுத்தான் என்பது இல்லை.

இதிலும் நாம் நேர்மையாக இருக்கவேண்டும். நேபுசராதான் கொடுத்த வயல் யாரோ ஒருவருடைய வயல். இந்த மலையும் வெற்று நிலமல்ல. தொதவர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோரின் மேய்ச்சலும் காடும் புதைகுழியும் இங்கே இருந்தன. அவற்றைத் தரிசு என்று எழுதி எடுத்துக்கொண்டது வெள்ளை அரசு. அந்த இடத்தில் நம்மைக் கொண்டுவந்து நட்டார்கள். எனவே நம் நிலக்கோரிக்கை பழங்குடிகளின் 2006 வன உரிமைச் சட்டக் கோரிக்கையோடு கைகோத்து நிற்கவேண்டும், அதன்மேல் ஏறி நிற்கக்கூடாது. வென்றவன் இரு ஏழைகளில் ஒருவனிடமிருந்து எடுத்து ஒருவனுக்குக் கொடுப்பான். இருவரும் சண்டையிடும்வரை அவனுக்குக் கவலையில்லை.

6. பானையில் வைக்கவேண்டிய பத்திரம்

பண்டிதர் இங்கே மாநாடு கூட்டிய அதே 1891இல்தான் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். அடுத்த ஆண்டு அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் பிறந்தது. ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். பத்தாண்டுக்கு விற்கக்கூடாது, அதன்பிறகும் நம்மவர்க்கன்றிப் பிறருக்கு மாற்றக்கூடாது என்று நிபந்தனை எழுதியிருந்தது. எழுதியிருந்தும் நிலம் போனது. அதைத் திருப்பிக் கேட்டு 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் திரண்டபோது, காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர்நீத்தார்கள்.

அப்படியானால் பத்திரத்தால் என்ன பயன்? 1892இல் எழுதியிருந்ததால்தான் 1994இல் கேட்க முடிந்தது. நூறாண்டு கழித்தும் ‘இது எங்களுடையது’ என்று சொல்ல ஒரு காகிதம் இருந்தது. எரேமியா பானையில் வைத்தது அதற்காகத்தான். எழுத்து நிலத்தைக் காப்பாற்றிவிடாது, கேள்வியைச் சாகாமல் காப்பாற்றும்.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறோம். இந்த லைன்களில் எழுபது, எண்பது வயதில் தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இலங்கையிலிருந்து வந்த குடும்ப அட்டையும், முதல் நாள் வேலைச் சீட்டும், டிரங்குப் பெட்டிக்குள் மடித்த காகிதங்களும் இருக்கின்றன. போய் உட்காருங்கள். எந்த ஆண்டு எந்தச் சரிவில் எந்தக் காட்டை வெட்டி எத்தனை கன்று நட்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள். காகிதங்களைப் படி எடுங்கள், ஒரு படி அவர்களிடம், ஒரு படி நம் மன்றத்தில். வேலையின் ஒவ்வொரு சொல்லையும் அதன் பொருளோடு எழுதுங்கள். கிராம சபையிலும் நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும் வாதிட அவை வேண்டும்.

யோகெப் என்றால் என்ன என்பதற்கு இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டாக அறிஞர்கள் ஊகம் சொல்கிறார்கள். அந்த மக்களில் ஒருவர் எழுதிவைத்திருந்தால் ஊகம் தேவைப்பட்டிருக்காது. நம் பேரப்பிள்ளைகள் காலத்தில் ‘நடுவட்டத்துத் தொழிலாளி’ என்ற சொல்லுக்கு யாரும் ஊகம் சொல்லவேண்டிய நிலை வரக்கூடாது. அந்தப் பொருளை நாமே எழுதுவோம்.